61 நாள் தடை முடிஞ்சாச்சு... விசைப்படகு கடலில் இறங்குவதற்குள் என்னவெல்லாம் நடக்கிறது?

ஜூன் 14 நள்ளிரவோடு தமிழகத்தின் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடை முடிகிறது. 'அப்போ இந்த ஞாயிற்றுக்கிழமை வஞ்சிரம் விலை குறைஞ்சிடும்ல?' என்பதுதான் நகரத்தில் இருப்பவர்களின் முதல் கேள்வி. காசிமேட்டிலோ ராமேஸ்வரத்திலோ படகு வைத்திருப்பவருக்கு அதற்கு முன்னால் வேறொரு கேள்வி இருக்கிறது: ரெண்டு மாசம் கரையில் கிடந்த படகு, தண்ணியில் ஒழுங்கா நிக்குமா?

தடை ஏன்?

மீன்கள் முட்டையிட்டுப் பெருகும் காலம் என்பதுதான் அரசு சொல்லும் காரணம். 1983-ம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் 2001 முதல் இது அமலில் இருக்கிறது. ஆரம்பத்தில் 45 நாள். 2017-ல் 61 நாளாக நீண்டது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. குளச்சல் போன்ற மேற்குக் கரைப் பகுதிகளுக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. நாட்டுப்படகுகளுக்குத் தடை கிடையாது.

மரப்படகு 'தண்ணி குடிக்கும்'

இந்த இரண்டு மாதம்தான் படகுகளுக்கு சர்வீஸ் டைம். கிரேன் அல்லது விஞ்ச் வைத்துக் கரையேற்றி, அடிப்பாகத்தில் ஒட்டியிருக்கும் பாசியையும் சிப்பியையும் சுரண்டி எடுக்கிறார்கள். அதை அப்படியே விட்டால் வேகம் குறையும், டீசல் எகிறும். இரும்புப் படகு என்றால் துரு நீக்கி பெயின்ட் அடிக்க வேண்டும்.

மரப்படகுதான் சிக்கல். வெயிலில் பலகை காய்ந்து சுருங்கும், இடுக்குகள் திறந்துகொள்ளும். பஞ்சு அடைத்து மூடினாலும், தண்ணீரில் இறங்கிய முதல் சில மணி நேரம் கசிவு இருக்கத்தான் செய்யும். பலகை தண்ணீர் குடித்து ஊறி விரிந்த பிறகுதான் இடுக்குகள் தானாக இறுகும். அதனால்தான் தடை முடிய சில நாள் இருக்கும்போதே படகை இறக்கி, துறைமுகத்தில் கட்டிப்போட்டு, உள்ளே எவ்வளவு தண்ணீர் தேங்குகிறது என்று பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள்.

புரொப்பெல்லர் தண்டு படகைத் துளைத்து வெளியே போகும் இடத்தையும் கண் வைத்துப் பார்ப்பார்கள். பழைய பாணிப் படகுகளில் அங்கே கயிறு போன்ற பேக்கிங் சுற்றியிருக்கும். சொட்டு சொட்டாக வந்தால் நல்லது, தண்டு சூடாகாது. ஓடி வந்தால் மறுபடியும் கரைக்குத்தான். டேங்கில் மிச்சமிருந்த டீசலில் தண்ணீர் சேர்ந்திருக்கலாம். அதையும் வடித்துவிட்டுத்தான் டிரையல் ரன்.

நடுக்கடலில் இன்ஜின் நின்றால்?

வேறு ஊரில் அது மெக்கானிக் பிரச்சினை. ராமேஸ்வரத்தில் அப்படி இல்லை. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே சுமார் 30 கிலோமீட்டர்தான். நடுவில் சர்வதேச எல்லைக்கோடு. இன்ஜின் நின்ற படகை நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கும் என்பதை டிரைவர் முடிவு செய்ய முடியாது. எல்லை தாண்டினால் இலங்கைக் கடற்படையின் கைது, படகு பறிமுதல். ஆக, கரையில் சரிபார்க்காமல் விட்ட ஒரு ஃபில்டர் மொத்தப் படகையே காவு வாங்கலாம்.

காசு எங்கிருந்து?

பராமரிப்புச் செலவு லட்சங்களில் போகும். அதற்கு மேல் டீசல், ஐஸ், வலை, சாப்பாட்டுச் சாமான். முதல் மீன் விற்பதற்கு முன்பே எல்லாவற்றுக்கும் கடன் வாங்கியிருப்பார்கள். தடைக்கால நிவாரணம் ஒரு குடும்பத்துக்கு 8,000 ரூபாய். நாளுக்குக் கணக்குப் போட்டால் 131 ரூபாய். படகில் வேலை பார்ப்பவர்களுக்கு மாதச் சம்பளம் கிடையாது. செலவு போக மிஞ்சுவதில் பங்குதான். முதல் பயணத்தில் மீன் படவில்லை என்றால் ஓனருக்குக் கடன் ஏறும், தொழிலாளி வெறுங்கையோடு வீடு திரும்புவார்.

சரி, மீன் விலை?

ஊரைப் பொறுத்தது. தூத்துக்குடி விசைப்படகுகள் காலையில் போய் இரவுக்குள் திரும்பிவிடும். சென்னைப் படகுகள் நாள்கணக்கில் கடலில் தங்குபவை. எனவே ஜூன் 15 அன்றே காசிமேட்டில் பெரிய வரத்தை எதிர்பார்க்க வேண்டாம். இழுவலைப் படகுகள் கொண்டுவருவது பெரும்பாலும் இறால், நண்டு, கணவாய், சங்கரா. இவைதான் முதலில் இறங்கும். வஞ்சிரம் அதிகமும் செவுள்வலையிலும் தூண்டிலிலும் சிக்கும் மீன். அதன் விலைக்கு இன்னும் கொஞ்சம் பொறுக்க வேண்டியிருக்கும்.