காற்றுக்கு நிற்கும் ஆண்டெனா



2018 நவம்பர் 16 அன்று அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையைக் கடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்தன. மின்சாரம் இல்லாமல் கைபேசிக் கோபுரங்களும் ஓய்ந்துபோயின. இப்படிப்பட்ட வேளையில் ஒரு கிராமத்தையும் மருத்துவமனையையும் இணைக்க மிஞ்சியிருப்பது, கார் பேட்டரியில் ஓடும் ஒரு வயர்லெஸ் கருவிதான். 2004 டிசம்பர் 26 சுனாமியின்போது அமெச்சூர் வானொலியாளரான பாரதி பிரசாத் அந்தமானின் போர்ட் பிளேரில் (இன்றைய ஸ்ரீ விஜயபுரம்) தங்கியிருந்தார். தொலைபேசிகள் செயலற்றுப்போன அந்த நாட்களில், அவருடைய ரேடியோ வழியாகப் பல குடும்பங்களுக்குச் செய்தி போய்ச் சேர்ந்தது.

ஆனால் கருவி அறைக்குள் எவ்வளவு பத்திரமாக இருந்தாலும், மாடியில் நிற்கும் ஆண்டெனா விழுந்துவிட்டால் அது வெறும் பெட்டிதான். செங்குத்தாக நிற்கும் அந்த ஆண்டெனாவைக் காற்றுக்குத் தாக்குப்பிடிக்கச் செய்வது எப்படி என்று இங்கே எளிமையாக விளக்குகிறோம்.

காற்றின் பலம்

காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் அழுத்தம் நான்கு மடங்காகும். வேகம் மூன்று மடங்கானால் அழுத்தம் ஒன்பது மடங்காகும். 3 மீட்டர் நீளமும் 3 செ.மீ. தடிமனும் உள்ள ஒரு ஃபைபர்கிளாஸ் ஆண்டெனாவை எடுத்துக்கொள்வோம். மணிக்கு 60 கி.மீ. காற்றில் அதன்மேல் விழும் தள்ளுவிசை சுமார் 2 கிலோ எடைக்குச் சமம். மணிக்கு 180 கி.மீ. காற்றில் அது சுமார் 16 கிலோ ஆகிவிடும். இந்தியத் தரநிலை சென்னைக் கட்டடங்களுக்கு வகுத்துள்ள அடிப்படைக் காற்று வேகம் வினாடிக்கு 50 மீட்டர். அதாவது மணிக்கு 180 கி.மீ. ஆகவே இது வெறும் கற்பனைக் கணக்கு அல்ல.

இந்த விசை முழுவதும் நெம்புகோல்போல் ஆண்டெனாவின் அடிப்பகுதியில் வந்து சேருகிறது. அதனால்தான் ஆண்டெனா நடுவில் ஒடிவதைவிட, அடியில் உள்ள உலோகக் குழலுக்குச் சற்று மேலே வெடித்து ஒடிவதே அதிகம்.

கம்பம் உறுதியாக இருக்கட்டும்

முதலில் பார்க்க வேண்டியது ஆண்டெனாவை அல்ல, அதைத் தாங்கும் ஜி.ஐ. பைப்பை. மாடியின் கைப்பிடிச் சுவரில் ஒரே ஒரு கிளாம்ப் போட்டு நிறுத்துவது போதாது. காற்று பைப்பை ஆட்டும்போது செங்கல்லே பெயர்ந்துவிடும். இரண்டு கிளாம்புகளை ஒன்றுக்கொன்று குறைந்தது ஒரு மீட்டர் இடைவெளியில், கட்டடத்தின் உறுதியான சுவரில் பொருத்த வேண்டும்.

அடுத்தது ஸ்டே. மூன்று திசைகளில், சம இடைவெளியில், மூன்று ஸ்டேக்கள் வேண்டும். கம்பத்தின் உயரத்தில் முக்கால் பங்கு தூரத்தில் அவற்றின் முளைகள் இருந்தால் நல்லது. முளைகள் மிக அருகில் இருந்தால், ஸ்டே கம்பத்தைப் பக்கவாட்டில் பிடிப்பதைவிடக் கீழ்நோக்கி அழுத்தவே செய்யும். ஸ்டேயை ஆண்டெனாவின் மேல் கட்டாமல், அதற்குச் சற்றுக் கீழே பைப்பில் கட்ட வேண்டும்.

ஆண்டெனாவுக்கு அருகே நீண்ட இரும்புக் கம்பி சென்றால் அதுவும் ரேடியோ அலைகளை வாங்கிக்கொண்டு ஆண்டெனாவின் வேலையைக் கெடுக்கும். ஆகவே பாலியெஸ்டர் கயிறு சிறந்தது. நைலான் கயிறு நீளும் தன்மை உடையது. மலிவான பிளாஸ்டிக் கயிறு வெயிலில் நொறுங்கிவிடும். இரும்புக் கம்பிதான் கிடைக்கிறது என்றால், மின்கம்ப ஸ்டேயில் நீங்கள் காணும் முட்டை வடிவப் பீங்கானை இடையிடையே வைத்து, கம்பியைத் துண்டுகளாகப் பிரிக்க வேண்டும். ஸ்டேயை முறுக்கும் டர்ன்பக்கிளைத் தானாகத் திரும்பாதபடி ஒரு கம்பியால் கட்டிவைக்கவும் மறவாதீர்கள்.

மெல்லிய காற்றும் எதிரிதான்

புயல் மட்டும் ஆண்டெனாவைக் கெடுப்பதில்லை. நாள் முழுதும் ஒரே சீராக வீசும் மிதமான காற்று, உருண்டையான குழாயின் இரு பக்கமும் மாறிமாறிச் சுழல்களை உண்டாக்கி அதை அதிரச் செய்கிறது. சில ஆண்டெனாக்கள் ரீங்காரம் இடுவது இதனால்தான். பல மாதங்கள் இப்படி அதிர்ந்தால் நட்டுகள் தளரும். உள்ளே பற்றவைத்த இணைப்புகள் விட்டுப்போகும். வெளியே பார்த்தால் ஆண்டெனா நிமிர்ந்து நிற்கும், பேச்சோ போய்ச் சேராது.

உள்ளே வெறுமையான அலுமினியக் குழாய் ஆண்டெனா என்றால், அதன் நீளத்துக்கு ஒரு நைலான் கயிற்றை உள்ளே தொங்கவிட்டால் அதிர்வு வெகுவாக அடங்கும். தாங்கும் பைப்பின்மேல் தடித்த கயிற்றைச் சுருள் சுருளாகச் சுற்றுவதும் உதவும்.

உப்பும் தண்ணீரும்

கடலோரத்தில் உப்புக்காற்று யூ போல்ட்டுகளை அரித்துவிடும். துருப்பிடிக்காத எஃகு போல்ட்டுகளுக்குச் செலவு சற்று அதிகமானாலும் அது வீண்செலவல்ல. செம்பும் அலுமினியமும் நேரடியாகத் தொட்டால் ஈரத்தில் அலுமினியம் அரிந்துபோகும். கேபிள் இணைப்பை ரப்பர் டேப்பால் நன்றாக மூடுங்கள். கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் அதைச் சற்றுக் கீழே வளைத்து மேலே ஏற்றினால் மழைநீர் வளைவிலேயே சொட்டிவிடும். ஆனால் ஆண்டெனாவின் அடியில் நீர் வடிவதற்கென்று விட்டிருக்கும் சிறு துளையை மட்டும் அடைத்துவிடக் கூடாது.

உயரமா, உறுதியா?

நீண்ட ஆண்டெனா தூரம் பேசும் என்பது உண்மை. ஆயினும் விழுந்த நீண்ட ஆண்டெனாவைவிட நிற்கும் குட்டை ஆண்டெனா மேலானது. காற்று அதிகமுள்ள இடத்தில் குட்டையான ஆண்டெனாவை வைத்து, அதைத் தாங்கும் கம்பத்தை உறுதியாக உயர்த்துவதே நல்ல வழி.

அதோடு ஒரு மாற்று ஆண்டெனாவும் கைவசம் இருக்க வேண்டும். உரிமம் பெற்ற அமெச்சூர் வானொலியாளர்கள் பேசும் 145 மெகாஹெர்ட்ஸுக்கு, சுமார் 49 செ.மீ. நீளமுள்ள ஒரு செங்குத்துக் கம்பியும், அதன் அடியில் குடைக்கம்பிபோல் சாய்ந்த அதே அளவுள்ள நான்கு கம்பிகளும் போதும். காற்றுக்கு அதில் பிடிக்க ஒன்றுமில்லை. ஒரு மூங்கிலின் நுனியில் அதை அரைமணி நேரத்தில் ஏற்றிவிடலாம்.

புயலுக்கு முன்

வானிலைத் துறை கடலோரத்தில் மோசமான வானிலை தொடங்குவதற்குக் குறைந்தது 48 மணி நேரம் முன்பே புயல் எச்சரிக்கை தருகிறது. கம்பத்தின் அடியில் கீல் வைத்து, சாய்த்து இறக்கும்படி அமைத்திருந்தால், அந்த நேரத்துக்குள் பெரிய ஆண்டெனாவை இறக்கிக் கட்டிவைத்துவிட்டு, சிறியதை ஏற்றிவிடலாம். ஒருவர் தனியாக இந்த வேலையைச் செய்யக் கூடாது. கம்பத்தின் நீளத்தைப்போல் ஒன்றரை மடங்கு தூரத்துக்குள் மின்கம்பி ஓடினால், அந்த இடத்தில் ஆண்டெனாவே வேண்டாம். ஈரக் கம்பம் சாய்ந்து மின்கம்பியைத் தொட்டால் உயிர்ப்பலி நிச்சயம்.

வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன், அதாவது ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் மாதத்தில், ஒருமுறை மாடியேறிப் பார்த்துவிடுங்கள். நட்டுகள் இறுக்கமாக உள்ளனவா? கயிறு நைந்திருக்கிறதா? ஃபைபர்கிளாஸில் மெல்லிய விரிசல் தெரிகிறதா? எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர் 2க்கு மேல் காட்டுகிறதா? ஒரு மாலைப்பொழுது போதும் இதற்கு. கர்ப்பிணிப் பெண் ஒருவருக்கு நள்ளிரவில் படகோ வண்டியோ தேவைப்படும்போது, அந்த மாலைப்பொழுதின் அருமை தெரியும்.