கதிரியக்க மருந்தும் இல்லத்துக் காப்பும்

புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றுத் திரும்பியவரை உற்றார் அஞ்சி ஒதுக்குவது நோயினும் கொடியது. அவ்வச்சத்தில் அறிவு எவ்வளவு, மருட்சி எவ்வளவு எனப் பிரித்துக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பி உணவிலுள்ள அயோடினை ஈர்த்துக்கொள்ளும் இயல்புடையது. அதில் தோன்றும் புற்றணுக்களும் பெரும்பாலும் இவ்வியல்பை முற்றும் இழப்பதில்லை. ஆகவே, அறுவைக்குப்பின் எஞ்சியவற்றை அழிக்க, 1938-இல் லிவிங்குட், சீபோர்க் என்னும் இருவர் கண்டறிந்த அயோடின்-131 விழுங்கத் தரப்படுகிறது. அதன் பீட்டாக் கதிர் ஓரிரு மில்லிமீட்டருக்குள் தன் வேலையை முடித்துவிடும். காமாக் கதிரோ உடலைக் கடந்து வெளிவரும். காப்பு வேண்டுவது இதன் பொருட்டே.

திருவனந்தபுரத்தில் 1981-இல் நிறுவப்பெற்ற மண்டலப் புற்றுநோய் மையம் இச்சிகிச்சை அளிக்கும் இடங்களுள் ஒன்று. அமரவிளை, பாறசாலைப் பக்கத்தாருக்கு அது அண்மையிலேயே உள்ளது. மீனின்றிச் சோறு இறங்காத நம் பகுதியினரும், மருந்துக்கு முன் ஒன்றிரண்டு வாரம் கடல்மீனையும் அயோடின் உப்பையும் விலக்க வேண்டும். சுரப்பி அயோடினுக்கு ஏங்கியிருந்தால்தான் மருந்தை நன்கு பற்றும்.

மிகுந்த அளவு மருந்து உண்டவரைத் தனியறையில் வைத்து, கதிரளவு வரம்புக்குள் இறங்கியதைக் கருவியால் அளந்தபின்னரே வீட்டுக்கு அனுப்புவர். எங்கள் குடும்பம் குடியேறிய அமரவிளைக்கு என் பெரியம்மா அவ்வாறு திரும்பியபோது, அவர் தொட்ட வாளியைத் தொடவும் அண்டை வீட்டார் தயங்கினர். மாதங்கள் கடந்தும் அத்தயக்கம் தீரவில்லை.

அறிவியல் கூறுவது வேறு. அயோடின்-131 எட்டு நாளில் பாதியாகக் குறையும். பெரும்பகுதி முதலிரு நாளிலேயே சிறுநீரோடு வெளியேறுவதால், உடலில் அது இன்னும் விரைவாகக் குறைகிறது. ஒரு மீட்டரில் படும் கதிரில் நான்கில் ஒரு பங்கே இரண்டு மீட்டரில் படும்.

எனவே, மருத்துவர் குறித்த நாட்கள் வரை நோயாளி தனியே உறங்கட்டும். தண்ணீர் நிறையப் பருகட்டும். நெரிசலான பேருந்தைத் தவிர்க்கட்டும். கழிவறையில் இருமுறை நீர் ஊற்றுக. அவர் துணிகளைத் தனியே துவைக்க. குழந்தைகளும் கருவுற்ற மகளிரும் கூடுதல் நாட்கள் விலகியிருத்தல் நன்று. இயந்திரத்தால் வெளியிலிருந்து கதிர் பாய்ச்சப்பெற்றவரிடமோ கதிர் தங்குவதில்லை. இவ்விலக்கு எதுவும் அவருக்கு வேண்டா.

குறித்த நாள் முடிந்ததும் பேரக்குழந்தையைப் பாட்டியின் மடியில் அமர்த்தலாம். விடுமுறைக்கு ஊர் செல்லும் நாம் இதனை நம் தெருவிலும் எடுத்துச் சொல்வோமாக. சில நாள் விலகியிருத்தல் அறிவு. என்றும் விலக்கிவைத்தல் அறியாமை.