ஆடு தொடாத இலையும் அலமாரியில இருக்கற சிரப்பும்

(இது எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சுருக்கித் திருத்தப்பட்டது.)

இன்னைக்கு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரு சின்ன வேலை. வீட்ல இருமல் சிரப் பாட்டில் ஏதாவது இருந்தா எடுத்து லேபிளைப் படிங்க. அம்ப்ராக்ஸால், இல்லன்னா ப்ரோம்ஹெக்ஸின்னு ஒரு பேர் இருக்க நல்ல வாய்ப்பு இருக்கு. மூலிகை சிரப்பா இருந்தா வாசா, வாசகா, அடுல்சா, இந்த மாதிரி ஏதாவது இருக்கும். பேருதான் வேற வேற. இது எல்லாத்தோட வேரும் ஒரே செடியிலதான் போய் முடியுது. நம்ம ஊர் வேலியோரத்துல, யாரும் தண்ணி ஊத்தாம, தானா வளர்ந்து நிக்கிற ஆடாதோடை.

2020-ல கபசுரக் குடிநீர் குடிச்சிருந்தீங்கன்னா, இதை ஏற்கனவே குடிச்சிருக்கீங்க. அந்தக் குடிநீர்ல இருக்கற 15 சரக்குல ஆடாதோடை இலையும் ஒண்ணு.

பேர்லயே ஒரு எச்சரிக்கை

ஆடாதோடைங்கற பேருக்கு 'ஆடு தொடாத இலை'ன்னு பொருள் சொல்றாங்க. ஆடு கிட்டத்தட்ட எதையும் மேயும். அதுவே ஒதுக்குற செடின்னா அதுல ஏதோ இருக்குன்னு அர்த்தம். விவசாயிங்க இதை ரெண்டு விதமா பயன்படுத்திக்கிட்டாங்க. ஒண்ணு, ஆடு மாடு மேயாததால உயிர்வேலியா நட்டாங்க. இன்னொண்ணு, பூச்சிவிரட்டி. இயற்கை விவசாயத்துல ஐந்திலைக் கரைசல்னு ஒண்ணு இருக்கு. ஆடு மாடு தின்னாத ஐந்து வகை இலையை ஊறவெச்சுத் தெளிக்கறது. வேம்பு, நொச்சி, எருக்கு இதுங்களோட ஆடாதோடையும் அதுல அடிக்கடி சேரும்.

இந்தப் பேர் நம்ம ஊரோட நிக்கல. 17-ஆம் நூற்றாண்டுல பால் ஹெர்மன்னு ஒருத்தர் டச்சுக் கம்பெனியோட மருத்துவரா இலங்கையில இருந்தார். அவர் அங்க சேகரிச்ச செடிகளை வெச்சு, ஸ்வீடன் நாட்டு லின்னேயஸ் 1747-ல இலங்கைத் தாவரங்களைப் பத்தி ஒரு நூல் எழுதினார். அப்புறம் 1753-ல இந்தச் செடிக்கு அவர் வெச்ச அறிவியல் பேர் 'ஜஸ்டிசியா அடாதோடா'. முன்பாதி, ஜேம்ஸ் ஜஸ்டிஸ்ங்கற ஸ்காட்லாந்துத் தோட்டக்கலைஞரோட பேர். பின்பாதி நம்ம ஆடு தொடாத கதை. இன்னைக்கும் உலகத்துல எந்தத் தாவரவியலாளர் இந்தச் செடியைச் சொன்னாலும் அந்த வார்த்தையைச் சொல்லித்தான் ஆகணும்.

செடியை அடையாளம் பிடிப்போம்

ஒரு ஆள் உயரம், சில இடத்துல அதுக்கு மேலயும் வளர்ற புதர். இலைங்க எதிரெதிரா ஜோடி ஜோடியா இருக்கும். கையளவு நீளம், ரெண்டு முனையும் கூம்பினது, நடு நரம்பும் பக்க நரம்பும் தெளிவா தெரியும். கசக்கி நாக்குல வெச்சா கசப்பு. பூ வெள்ளை. கதிர் மாதிரி கொத்தா வரும். ஒவ்வொரு பூவுக்கும் மேல ஒரு உதடு, கீழ ஒரு உதடு. கீழ் உதட்டுல ஊதாவும் இளஞ்சிவப்புமா கோடுகள். பக்கவாட்டுல பாத்தா சிங்கம் வாயைத் திறந்த மாதிரி இருக்கும். சமஸ்கிருதத்துல இதுக்குச் சிங்கத்தின் முகம்னு பொருள்படற ஒரு பேரே உண்டு.

இதோட சொந்தக்காரங்களை உங்களுக்கு நல்லா தெரியும். கனகாம்பரம், டிசம்பர் பூ, நிலவேம்பு, நீர்முள்ளி எல்லாம் ஒரே குடும்பம். சின்ன வயசுல ஒரு காயைத் தண்ணில போட்டு, அது 'டப்'புனு வெடிக்கறதைப் பாத்து சிரிச்சிருப்பீங்களே, அந்தப் பட்டாசுக் காய்ச் செடியும் இந்தக் குடும்பம்தான். இந்தக் குடும்பத்துல விதைக்குக் கீழ ஒரு சின்னக் கொக்கி இருக்கும். காய் பிளக்கும்போது அந்தக் கொக்கி விதையைத் தூக்கி எறியும். ஆடாதோடைக் காய்லயும் அதே ஏற்பாடுதான். ஒரு காய்க்கு நாலு விதை வரைக்கும் இருக்கும்.

ஊட்டியில பிரிச்சு எடுத்த கசப்பு

சித்த மருத்துவத்துல ஆடாதோடை முக்கியமா சளி, இருமல், இரைப்புக்கு. இலைச்சாறோட தேன், இலையைப் போட்ட குடிநீர், சர்க்கரையோட காய்ச்சின மணப்பாகு, இப்படிப் பல வடிவம். ஆயுர்வேதத்துல வாசாரிஷ்டம், வாசாவலேகம். இருமும்போது ரத்தம் வர்றதுக்கும் இதைக் கொடுத்திருக்காங்க. இந்தக் கடைசி விஷயத்தை மனசுல வெச்சுக்கங்க, பின்னாடி வருவோம்.

19-ஆம் நூற்றாண்டுக் கடைசியில, டேவிட் ஹூப்பர்னு ஒரு வேதியியலாளர் ஊட்டியில வேலை பாத்தார். சென்னை மாகாண அரசோட குயினாலஜிஸ்ட். அதாவது, நீலகிரியில வளர்த்த சின்கோனா மரப்பட்டையில மலேரியாவுக்கான குயினைன் எவ்வளவு இருக்குன்னு சோதிக்கறது அவரோட வேலை. அவர் 1888-ல ஆடாதோடை இலையிலிருந்து அந்தக் கசப்புப் பொருளைப் பிரிச்சு எடுத்தார். அதுக்கு வாசிசின்னு பேர். வாசா செடியிலிருந்து வந்ததால வாசிசின்.

இந்த வாசிசினோட வடிவத்தை முன்மாதிரியா வெச்சு, ஜெர்மனியில ஆய்வகத்துல செஞ்ச மருந்துதான் ப்ரோம்ஹெக்ஸின். 1960-கள்ல விற்பனைக்கு வந்தது. ப்ரோம்ஹெக்ஸினைச் சாப்பிட்டா நம்ம உடம்பு அதை மாத்தி அம்ப்ராக்ஸால் ஆக்கும். அதையே நேரடியா தயாரிச்சு 1970-களோட கடைசியில தனி மருந்தா கொண்டு வந்தாங்க. ரெண்டும் கெட்டியான சளியை இளக்கி வெளிய தள்ள உதவுற மருந்துகள். இப்போ அம்ப்ராக்ஸால் பார்கின்சன் நோய்க்கு உதவுமான்னு மனுஷங்ககிட்ட சோதனை நடந்துக்கிட்டிருக்கு. வேலியோரச் செடியில ஆரம்பிச்ச கதை மூளை நோய் வரைக்கும் போயிருக்கு.

அப்போ இலையும் சிரப்பும் ஒண்ணா?

இங்கதான் நிறைய பேர் ஒரு தாவு தாவிடறாங்க. 'சிரப்பே இந்த இலையிலருந்து வந்ததுதானே, அப்போ நேரா இலையையே சாப்பிடலாமே'ன்னு. இல்ல. ப்ரோம்ஹெக்ஸினும் வாசிசினும் ஒரே பொருள் இல்ல. முன்னோரைப் பாத்து செஞ்ச வேற ஒரு மூலக்கூறு அது. பாட்டில்ல ஒரு ஸ்பூனுக்கு எத்தனை மில்லிகிராம்னு போட்டிருக்கும். இலையில அப்படி எழுதி ஒட்டல. எந்த மண்ணு, எந்தப் பருவம், இளசா முத்தலா, இதைப் பொறுத்து வாசிசின் அளவு மாறும். காத்து பட்டா வாசிசின் கொஞ்சம் கொஞ்சமா வாசிசினோன்ங்கற வேற பொருளாவும் மாறும். அதனால இன்னைக்குப் பறிச்ச இலையும், போன வருஷம் அரைச்சு டப்பாவுல போட்ட பொடியும் ஒரே மருந்து இல்ல.

இலையை மட்டும் வெச்சு, பெரிய அளவுல மனுஷங்ககிட்ட நடந்த சோதனைகளும் குறைவு. பாரம்பரியப் பயன்பாடு நீளமானது, வேதியியல் காரணம் நம்பும்படியா இருக்கு. ஆனா யாருக்கு எவ்வளவுங்கற கேள்விக்கு யூடியூப் ஷார்ட்ஸ்ல பதில் தேடாதீங்க. பதிவு பெற்ற சித்த மருத்துவர் நம்ம ஊர்ல அரசு மருத்துவமனைகள்லயே இருக்காங்க. அவங்களைக் கேளுங்க.

மூணு இடத்துல மட்டும் நான் கண்டிப்பா நிறுத்தி நிதானமா பேசணும்.

ஒண்ணு: கர்ப்பம்

வாசிசின் நுரையீரலோட நிக்கறதில்ல. கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கற குணமும் அதுக்கு உண்டு. ஜம்முவுல இருந்த மண்டல ஆராய்ச்சி ஆய்வகத்துல 1970-கள்லயும் 80-கள்லயும் இதைத்தான் ஆராய்ஞ்சாங்க. பிரசவத்துல கர்ப்பப்பையைச் சுருக்கறதுக்கான மருந்தா ஆக்க முடியுமா, கருக்கலைப்புக்குப் பயன்படுமான்னு. இப்போ யோசிச்சுப் பாருங்க. கர்ப்பமா இருக்கற ஒருத்தருக்கு இருமல். 'இங்கிலீஷ் மருந்து வேண்டாம்மா, வயித்துல பிள்ளை இருக்கு'ன்னு வீட்ல பெரியவங்க பாசத்தோட ஆடாதோடைக் கஷாயம் வெச்சுக் கொடுக்கறாங்க. பாதுகாப்புன்னு நினைச்சுக் கொடுக்கறது நேர் எதிரா போகலாம். மூலிகை இருமல் சிரப்புக்கும், கபசுரக் குடிநீருக்கும் இது பொருந்தும். கர்ப்ப காலத்துல டாக்டரைக் கேக்காம ஆடாதோடை வேண்டாம்.

ரெண்டு: பேர்க் குழப்பம்

ஆடு தொடாத செடி இது ஒண்ணு மட்டும் இல்ல. ஆடுதின்னாப்பாளைன்னு இன்னொண்ணு இருக்கு. சில ஊர்ல ஆடுதீண்டாப்பாளைன்னு சொல்வாங்க. தொடாதது, தீண்டாதது, பொருள் கிட்டத்தட்ட ஒண்ணேதான். செடி முழுசா வேற. அது தரையோட படர்ற சின்னக் கொடி. இலை இதய வடிவம், ஜோடியா வராம ஒண்ணொண்ணா மாறி மாறி வரும். பூ குழல் மாதிரி, முனையில கருஞ்சிவப்பா ஒரு நாக்கு.

அந்தக் குடும்பத்துல அரிஸ்டலோகிக் அமிலம்னு ஒரு நஞ்சு இருக்கு. ரோஜா அழகி பட்டாம்பூச்சியோட புழு அதைத் தின்னு, நஞ்சை உடம்புல சேர்த்து வெச்சு, பறவைங்ககிட்டருந்து தப்பிக்குது. நம்ம சிறுநீரகத்துக்கு அந்த சாமர்த்தியம் கிடையாது. உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு முகமை, இந்த வகைச் செடி கலந்த மூலிகை மருந்துகளை 2002-ல முதல் பிரிவுல சேர்த்தது. அதாவது, மனுஷருக்குப் புற்றுநோய் தரும்னு உறுதியானவை.

பேர்க் குழப்பம் எவ்வளவு தூரம் போகும்னு பெல்ஜியம் பாத்திருக்கு. 1990-களோட ஆரம்பத்துல பிரஸ்ஸல்ஸ்ல உடல் இளைக்க மாத்திரை சாப்பிட்ட பெண்களுக்கு வரிசையா சிறுநீரகம் செயலிழந்தது. பாதிக்கப்பட்டவங்க நூறைத் தாண்டினாங்க. சீன மருத்துவத்துல 'ஃபாங் ஜி'ன்னு முடியற பேர் ரெண்டு செடிக்கு உண்டு. போட வேண்டியது ஒண்ணு, போட்டது அரிஸ்டலோகியா. யாரும் விஷம் வைக்கணும்னு நினைக்கல. பேர் ஒத்துப்போச்சு, அவ்வளவுதான்.

அதனால ஆன்லைன்ல பொடி வாங்கும்போது தமிழ்ப் பேரை மட்டும் பாக்காதீங்க, அறிவியல் பேரையும் பாருங்க. ஜஸ்டிசியா அடாதோடா, இல்லன்னா பழைய பேரான அடாதோடா வாசிகான்னு இருக்கணும். அரிஸ்டலோகியான்னு இருந்தா கீழ வெச்சிடுங்க.

மூணு: ரத்தம் வர்ற இருமல்

மனசுல வெச்சுக்கங்கன்னு சொன்னேன்ல, அது இதுதான். இருமல்ல ரத்தம் வந்தா ஆடாதோடைங்கறது பழைய வழக்கம். அந்தக் காலத்துல வேற வழி இல்ல. காசநோய்க் கிருமியை ராபர்ட் கோக் கண்டுபிடிச்சதே 1882-ல. முதல் பலமான மருந்தான ஸ்ட்ரெப்டோமைசின் வந்தது 1940-கள்ல. 1956-ல ஆரம்பிச்ச சென்னை சேத்துப்பட்டு காசநோய் ஆய்வு மையம்தான், நோயாளியை சானடோரியத்துல வைக்காம வீட்ல வெச்சே மருந்து கொடுத்துக் குணமாக்கலாம்னு உலகத்துக்கு நிரூபிச்சது. இத்தனையும் நடந்த அதே ஊர்ல, 2 வாரம் தாண்டின இருமலைக் கஷாயத்தால அமுக்கி வெக்கறது நியாயமே இல்ல. இருமல் கொஞ்சம் இளகின மாதிரி தெரியும். கிருமி உள்ள வேலையைப் பாத்துக்கிட்டே இருக்கும், பக்கத்துல படுக்கறவங்களுக்கும் போகும். 2 வாரத்துக்கு மேல இருமலா, ரத்தமா, சாயங்காலக் காய்ச்சலா, எடை குறையுதா? அரசு சுகாதார நிலையத்துல சளிப் பரிசோதனை இலவசம். முதல்ல அதைப் பண்ணுங்க. அதே மாதிரி, ஆஸ்துமாவுக்கு இன்ஹேலர் எடுக்கறவங்க இந்த இலையை நம்பி அதை நிறுத்தக் கூடாது.

இதையெல்லாம் சொன்னதால இந்தச் செடி மேல பயம் வேண்டாம். மருந்தா வேலை செய்யற பொருள் பக்க விளைவு இல்லாம இருக்காது. 'மூலிகைதானே, ஒண்ணும் பண்ணாது'ன்னு சொல்றவங்க அந்தச் செடியைப் பாராட்டல, குறைச்சு மதிப்பிடறாங்க. ஒண்ணும் பண்ணாத இலையை ஆடு ஏன் ஒதுக்கணும்?

அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது வேலியோரம், கோயில் நந்தவனம், ஏரிக்கரை இங்கெல்லாம் தேடிப் பாருங்க. எதிரெதிர் இலை, சிங்க வாய்ப் பூ. கண்டுபிடிச்சா ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க. இந்த எபிசோடை, வீட்ல கஷாயம் வைக்கிற பெரியவங்களுக்கும் போட்டுக் காட்டுங்க. சண்டை போடாம, பக்கத்துல உக்காந்து. அவங்களுக்குத் தெரிஞ்ச பேரையும் கேட்டு வாங்கிட்டு வாங்க. மீண்டும் சந்திப்போம்.