ஜோவான் காம்பர் (1877–1930)

சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் ஹான்ஸாகப் பிறந்தவர். 1898இல் பார்சிலோனா வந்தார். கால்பந்து ஆடக் கூட்டாளிகள் தேவை என்று 1899 அக்டோபர் 22 அன்று ‘லோஸ் தெபோர்த்தெஸ்’ இதழில் விளம்பரம் கொடுத்தார். நவம்பர் 29இல் சோலே உடற்பயிற்சிக் கூடத்தில் பார்சிலோனா கழகம் உருவானது. தலைவர் நாற்காலியை வால்டர் வைல்டுக்கு விட்டுக்கொடுத்தார். கேப்டனாகக் கோல் அடிப்பதே இவருக்குப் போதுமாயிருந்தது.

1908இல் கழகம் கலையும் நிலை வந்தபோதுதான் தலைமை ஏற்றார். மொத்தம் ஐந்து முறை தலைவர். லெஸ் கோர்ட்ஸ் அரங்கம் திறந்தது இவர் காலத்தில்தான், 1922இல்.

1925 ஜூனில் அந்த அரங்கில் ஸ்பெயின் தேசிய கீதம் ஒலித்தபோது ரசிகர்கள் சீழ்க்கையடித்தனர். சீழ்க்கை ரசிகர்களுடையது, தண்டனை இவருக்கும் சேர்த்து: ப்ரிமோ தே ரிவேராவின் சர்வாதிகார ஆட்சி அரங்கைப் பூட்டியது, காம்பர் பதவியையும் நாட்டையும் விட்டு நீங்க நேர்ந்தது.

1966 முதல் கழகம் இவர் பெயரில் கோப்பைப் போட்டி நடத்துகிறது.