வீட்டை அழகுபடுத்தப் போகிறீர்களா? முதலில் சுவரைப் பாருங்கள்

பெண் பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுப்பது கிழக்கில் எமது சமூகத்தின் நீண்ட கால வழக்கம். கடன்பட்டு, நகை அடகு வைத்து, வெளிநாட்டில் உழைத்துக் கட்டிய வீடுகள் பல. ஆனால் கடைசி மூன்று வாரங்களில் செய்யும் அவசர வேலையால் அந்த உழைப்பின் ஒரு பகுதி வீணாகிவிடுகின்றது. ஹாட்வெயார் கடை நடத்துபவன் என்ற வகையில் நான் நாளாந்தம் காணும் தவறுகள் சிலவற்றை இங்கு தருகின்றேன்.

முதலாவது, ஈரச் சுவருக்குப் பெயின்ட் அடிப்பது. கல்யாணத் திகதி குறித்தாகிவிட்டது என்பதற்காக, பூச்சு வேலை முடிந்த மறுவாரமே பெயின்ட் வாளியுடன் நிற்கின்றார்கள். புதிய சீமெந்துப் பூச்சு காய்வதற்குக் குறைந்தது 4 வாரங்கள் தேவை. மழை காலத்தில் இன்னும் கூடுதலாகும். அதற்கு முன் அடித்தால் பெயின்ட் கொப்பளித்து உரியும், உப்பும் பூக்கும். சோதித்துப் பார்ப்பது இலகு. ஒரு பொலித்தீன் துண்டைச் சுவரில் வைத்து நான்கு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். உட்புறம் நீர் துளிர்த்திருந்தால் சுவர் காயவில்லை.

கிழக்கில் ஒக்டோபர் கடைசி முதல் ஜனவரி வரை அடைமழைக் காலம். நோன்பு ஆண்டுதோறும் சுமார் 11 நாட்கள் முந்தி வருவதால், 2030 இல் அது ஜனவரி மாதத்திலேயே வரும். எனவே பெருநாளைக்கு வர்ணம் பூசும் வழக்கமுள்ளவர்கள் மழைக்கு முன்னரே வேலையை முடித்துக்கொள்வது நல்லது.

இரண்டாவது, கசிவை மறைப்பதற்குப் பெயின்ட் அடிப்பது. கூரையோ குழாயோ ஒழுகினால் அதைத்தான் முதலில் திருத்த வேண்டும். எவ்வளவு விலையுயர்ந்த பெயின்டும் உள்ளிருந்து வரும் தண்ணீரைத் தடுக்காது.

மூன்றாவது, அளக்காமல் வாங்குவது. ஒரு லீற்றர் எமல்ஷன் ஒரு பூச்சுக்குச் சுமார் 100 முதல் 120 சதுர அடி வரை காணும். 12 அடிக்கு 10 அடி அறை, 10 அடி உயரம் என்றால் நான்கு சுவர்களும் 440 சதுர அடி. கதவு, யன்னலுக்கு 50 கழித்தால் 390. இரண்டு பூச்சுக்கு 780. ஆகவே 7 அல்லது 8 லீற்றர் போதுமானது. கணக்குப் பார்க்காதவர் கூடுதலாக வாங்கி வீணாக்குவார். அல்லது குறைவாக வாங்கி, பிறகு வேறு தொகுதி வாளியில் நிறம் சற்று மாறித் தவிப்பார். டைல்ஸைப் பொறுத்தவரை, உடைவு, வெட்டுக்கு நூற்றுக்கு 10 வீதம் சேர்த்து ஒரே தொகுதியில் வாங்கிவிடுங்கள்.

நான்காவது, பளபளப்பில் மயங்குவது. வுழூச் செய்யும் இடத்திற்கும் குளியலறைக்கும் மினுங்கும் டைல்ஸ் பதித்துவிட்டு, வயதான உம்மா வாப்பா வழுக்கி விழுந்த பின் கவலைப்பட்டுப் பயனில்லை. அங்கு சொரசொரப்பானதே பொருத்தம்.

ஐந்தாவது, கடையின் விளக்கொளியில் நிறம் தெரிவது. ஒரு லீற்றர் மட்டும் வாங்கி உங்கள் சுவரில் ஒரு பகுதிக்கு அடித்து, பகலிலும் இரவிலும் பாருங்கள். பிறகு மீதியை வாங்கலாம்.

பெயின்ட் விற்கும் நானே இதைச் சொல்வது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். உரிந்த சுவருடன் திரும்பி வரும் வாடிக்கையாளர் கடைக்கும் நட்டமே. வீண் விரயத்தை மார்க்கம் தடுத்திருக்கின்றது. கல்யாணத்திற்குள் சுவர் காயாது என்று மேசன் சொன்னால், வெள்ளைப் பூச்சுடனேயே பிள்ளை குடிபுகட்டும். நிறத்தை அடுத்த வெயில் காலத்தில், கடன்படாமல், ஆறுதலாகப் பூசிக்கொள்ளலாம், இன்ஷா அல்லாஹ்.