போகிமொன் கட்டைப் புதிர்: பொழுதுபோக்கா, மூளைக்குப் பயிற்சியா?

"ஃபோனை வைத்துவிட்டுப் புத்தகத்தை எடு!" நம் வீடுகளில் நாளுக்கு ஒரு தடவையேனும் கேட்கும் குரல் இது. அதற்குப் பிள்ளைகள் வைத்திருக்கும் மறுமொழியும் ஏறக்குறைய எல்லா வீடுகளிலும் ஒன்றுதான்: "இது சும்மா கேம் இல்லை உம்மா, மூளைக்கு வேலை தருகிற கேம்!" உம்மா சொல்வது சரியா, பிள்ளை சொல்வது சரியா? இதற்கு விடை தேடவே இக்கட்டுரை எழுதப்படுகிறது.

எல்லாக் கணினி விளையாட்டுகளையும் ஒன்றாகத் தராசில் போட முடியாது. எனவே ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு அதன் உள்ளே சென்று பார்ப்போம். 2000ஆம் ஆண்டில் நிண்டெண்டோ 64 என்னும் விளையாட்டுக் கருவிக்காக வெளிவந்த 'போகிமொன் பசில் லீக்' என்பதே அது. ஒரே நிறக் கட்டைகளைச் சேர்த்து மறையச் செய்யும் புதிர் விளையாட்டு. உலகெங்கும் சிறுவர்கள் விரும்பிப் பார்த்த போகிமொன் கார்ட்டூனின் பாத்திரங்கள் அதில் வருகின்றன.

மூன்று முறை வேடம் மாறிய விளையாட்டு

கட்டைப் புதிர்களுக்கெல்லாம் மூத்தது டெட்ரிஸ். 1984இல் மொஸ்கோவில், சோவியத் விஞ்ஞானக் கழகத்தின் கணினி நிலையத்தில் பணியாற்றிய அலெக்சி பஜித்னோவ் அதை உருவாக்கினார். நான்கு சதுரங்கள் ஒட்டிய ஏழு வகை வடிவங்கள் மேலிருந்து விழும். ஒரு நிரை இடைவெளியின்றி நிரம்பினால் அது மறையும். அதற்குக் கதையும் இல்லை, கதாநாயகனும் இல்லை. இருந்தும் உலகமே அதை விளையாடியது.

1995இல் ஜப்பானில் 'பனெல் டி பொன்' என்ற புதிர் வெளிவந்தது. இதில் கட்டைகள் கீழிருந்து மேலே ஏறி வரும். சிறு பெண்களைக் கவரும் வகையில் தேவதைப் பாத்திரங்கள் அதில் இடம்பெற்றன. மறு ஆண்டு மேற்கு நாடுகளுக்குச் சென்றபோது தேவதைகள் நீக்கப்பட்டு, யோஷி என்ற பச்சை டைனோசரும் அதன் கூட்டாளிகளும் உள்ளே வந்தனர். பெயரும் 'டெட்ரிஸ் அட்டாக்' என்றானது. விளையாட்டின் விதிகளுக்கும் டெட்ரிஸுக்கும் உறவே இல்லை. புகழ்பெற்ற ஒரு பெயர் இரவல் வாங்கப்பட்டது, அவ்வளவுதான்.

இதற்கிடையில் போகிமொன் பிறந்துவிட்டது. சிறு வயதில் பூச்சி பிடித்துச் சேகரிப்பதில் ஆர்வம் கொண்டிருந்த சதோஷி தஜிரி, அந்த மகிழ்ச்சியை நகரத்துப் பிள்ளைகளுக்கும் கொடுக்க விரும்பினார். 1996 பெப்ரவரி 27இல் ஜப்பானில் அதன் முதல் விளையாட்டுகள் வெளியாகின. 1997 ஏப்ரல் 1இல் கார்ட்டூன் தொடர் தொடங்கியது. ஆங்கிலத்தில் ஆஷ் எனப்படும் அதன் கதாநாயகனுக்கு ஜப்பானிய மொழியில் சதோஷி என்று அதை உருவாக்கியவரின் பெயரே சூட்டப்பட்டது.

கார்ட்டூனின் புகழ் உச்சத்தில் இருந்தபோது பழைய பனெல் டி பொன்னுக்கு மூன்றாவது வேடம் போடப்பட்டது. ஆஷ், மிஸ்டி, புரொக், ரொக்கட் கூட்டத்தார் ஆகியோரின் உருவங்களும் குரல்களும் சேர்க்கப்பட்டன. அமெரிக்காவின் ரெட்மண்டில் உள்ள நிண்டெண்டோவின் நிறுவனமொன்று தயாரித்த இவ்விளையாட்டு ஜப்பானில் விற்பனைக்கு வரவே இல்லை. எந்தப் பாத்திரத்தைத் தெரிவு செய்தாலும் விதி மாறாது. மாறுவன படமும் ஒலியுமே. இதிலிருந்து நாம் கற்கும் முதற் பாடம்: கடையில் நம் கண்ணைப் பறிப்பது படம், வீட்டுக்கு வந்தபின் நம் மூளையோடு பேசுவது விதி. ஒரு விளையாட்டு நல்லதா கெட்டதா என்று அறிய விரும்புபவர் அதன் விதியையே பார்க்க வேண்டும்.

விதி என்ன?

திரையில் 6 நிரல்களும் 12 நிரைகளும் கொண்ட ஒரு கட்டம் இருக்கும். நிறமும் குறியும் கொண்ட கட்டைகள் கீழிருந்து மெல்ல மேலே தள்ளப்பட்டு வரும். நம் கையில் இருப்பது பக்கத்துப் பக்கத்தில் உள்ள இரண்டு கட்டங்களைப் பிடிக்கும் ஒரு சட்டகம் மட்டுமே. அதைக்கொண்டு அந்த இரண்டையும் இடம் மாற்றலாம். மேலும் கீழுமாக மாற்ற முடியாது. ஒரே வகைக் கட்டைகள் மூன்றோ அதற்கு மேலோ நேராகவோ கிடையாகவோ சேர்ந்தால் அவை மறையும். அவற்றின் மேல் இருந்தவை கீழே விழும். கட்டைகள் மேல் விளிம்பைத் தொட்டு நின்றுவிட்டால் ஆட்டம் முடிந்தது.

இன்று தொலைபேசிகளில் பலரும் விளையாடும் இனிப்புப் புதிர்களில், மூன்று சேரும் என்றால்தான் இடம் மாற்ற அனுமதி உண்டு. இங்கே அப்படியில்லை. பலன் உடனே கிடைக்காத நகர்த்தலையும் செய்யலாம். வெறுமையான இடத்துக்குக் கட்டையைத் தள்ளிக் கீழே விழச் செய்யலாம். ஆகவே இப்போது ஒன்றைச் செய்து, அதன் பலனை நான்கு நகர்த்தலுக்குப் பின் அறுவடை செய்யும் திட்டத்துக்கு இங்கே இடமுண்டு.

இருவர் விளையாடும்போது இன்னொரு அழகு வெளிப்படும். ஒருவர் திறமையாகப் பல கட்டைகளை மறைத்தால், மற்றவரின் கட்டத்தில் அசைக்க முடியாத ஒரு பெருங்கட்டை வந்து விழும். அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் சிறு கட்டைகளை மறைத்தால் அந்தப் பாரம் உடைந்து சாதாரண கட்டைகளாக மாறும். கெட்டிக்காரர் அவற்றையே பயன்படுத்தித் திருப்பி அடிப்பார். தலையில் விழுந்த சுமையையே கருவியாக்கிக் கொள்ளும் கலை அது.

கொப்பியில் செய்து பாருங்கள்

கருவி எதுவும் இல்லாமலே இதைப் புரிந்துகொள்ளலாம். ஒரு சதுரக் கோட்டுக் கொப்பியும் மூன்று நிறக் கடதாசித் துண்டுகளும் போதும். மூன்று நிரல்களில் ஏழு துண்டுகளை இப்படி வையுங்கள்:

நான்காம் நிரை: வெறுமை, மஞ்சள், வெறுமை
மூன்றாம் நிரை: வெறுமை, சிவப்பு, வெறுமை
இரண்டாம் நிரை: வெறுமை, பச்சை, சிவப்பு
முதலாம் நிரை (அடி): மஞ்சள், சிவப்பு, மஞ்சள்

இப்போது இரண்டாம் நிரையிலுள்ள பச்சையையும் சிவப்பையும் இடம் மாற்றுங்கள். நடு நிரலில் மூன்று சிவப்பும் ஒன்றன்மேல் ஒன்றாகி மறையும். அவற்றின் மேல் இருந்த மஞ்சள் அடிக்கு விழும். அங்கே இருபுறமும் மஞ்சள் காத்திருக்கிறது. மூன்றும் சேர்ந்து மறையும். ஒரே நகர்த்தலில் ஏழில் ஆறு துண்டுகள் போய்விட்டன! ஒன்றின் விளைவாக அடுத்தது நிகழும் இதைத் தொடர் என்பார்கள். ஒரே நேரத்தில் மூன்றுக்கும் மேற்பட்ட கட்டைகள் மறைவது கூட்டு எனப்படும்.

மீதி ஒரு பச்சை தனித்து நிற்கிறது. உங்களுக்கு ஒரு கேள்வி: தொடங்கும்போதே இன்னும் இரு பச்சைத் துண்டுகளைச் சேர்த்து வைக்கலாம் என்றால், அதே ஒரு நகர்த்தலில் ஒன்பது துண்டுகளும் மறைய அவற்றை எங்கே வைப்பீர்கள்? தேவையானால் வலப்பக்கம் புதிய நிரல்களையும் வரைந்துகொள்ளலாம். விடை கட்டுரையின் இறுதியில் உள்ளது. பார்க்காமல் முயன்று பாருங்கள்.

இவ்விளையாட்டில் இத்தகைய புதிர்களுக்கென்றே ஒரு தனிப் பகுதி உண்டு. அங்கே கட்டைகள் மேலே ஏறி வருவதில்லை, கடிகாரமும் விரட்டுவதில்லை. குறிப்பிட்ட எண்ணிக்கையான நகர்த்தல்களுக்குள் எல்லாவற்றையும் மறைக்க வேண்டும். விரலின் வேகம் அங்கே உதவாது; சிந்தனையே உதவும்.

ஒரு சிறு கணக்கு

6 நிரல்கள் கொண்ட ஒரு நிரையில் பக்கத்துப் பக்கச் சோடிகள் 5. 12 நிரைகளுக்கும் 60. அதாவது ஒவ்வொரு முறையும் சட்டகத்தை வைக்க 60 இடங்கள். ஐந்து நகர்த்தல்களைத் திட்டமிட்டால் 60ஐ ஐந்து முறை பெருக்க வேண்டும்: 77 கோடியே 76 இலட்சம் வழிகள்! அவற்றுள் பெரும்பாலானவை பயனற்றவை. பயனற்றவற்றைப் பார்க்காமலே ஒதுக்கும் திறனைத்தான் நாம் அனுபவம் என்கிறோம்.

இத்தகைய புதிர்கள் கணினிக்கும் கடினமானவை. 2002இல் அமெரிக்காவில் எரிக் டிமெயின், சூசன் ஹோஹன்பர்கர், டேவிட் லிபன்-நோவெல் ஆகிய மூவர், வரப்போகும் வடிவங்கள் அனைத்தும் முன்கூட்டியே தெரிந்திருந்தாலும் டெட்ரிஸில் மிகச் சிறந்த ஆட்டத்தைக் கண்டுபிடிப்பது கணினி விஞ்ஞானத்தின் மிகக் கடினமான கணக்குகளின் வகுப்பைச் சேர்ந்தது என நிறுவினர். அவர்களுள் சூசன் ஹோஹன்பர்கர் இன்று குறியாக்கவியல் துறையில் அறியப்பட்ட பெண் ஆய்வாளர். விளையாடுவதோடு நிற்காமல் 'இது ஏன் கடினம்?' என்று கேட்டதால் பிறந்த ஆய்வு அது.

மூளை என்ன சொல்கிறது?

பிள்ளையின் வாதத்துக்கு வருவோம். டெட்ரிஸை வைத்து விஞ்ஞானிகள் பல ஆய்வுகளைச் செய்துள்ளனர். 1992இல் ரிச்சர்ட் ஹயரும் குழுவினரும், பல வாரங்கள் பயிற்சி பெற்றவர்களின் மூளை முன்னரைவிடக் குறைந்த குளுக்கோசைச் செலவிட்டு முன்னரைவிட நன்றாக விளையாடியதைக் கண்டனர். பழகிய வேலையை மூளை சிக்கனமாகச் செய்யக் கற்றுக்கொள்கிறது. 2000இல் ரொபர்ட் ஸ்டிக்கோல்ட் குழுவினர், டெட்ரிஸ் விளையாடியவர்கள் உறங்கத் தொடங்கும் வேளையில் விழும் கட்டைகளைக் காண்பதைப் பதிவு செய்தனர். விளையாடியதே நினைவில் இல்லாத மறதி நோயாளர் சிலரும் அவ்வாறே கண்டனர். பரீட்சைக்கு முதல் நாள் இரவு கண்ணுக்குள் எது ஓட வேண்டும் என்பதை நாமே தீர்மானித்துக்கொள்வது நல்லது!

ஆனால் 2002இல் வலெரி சிம்ஸ், ரிச்சர்ட் மேயர் ஆகியோரின் ஆய்வு முக்கியமான ஒன்றைச் சொல்கிறது. டெட்ரிஸில் தேர்ந்தவர்கள் டெட்ரிஸ் வடிவங்களை மனத்துக்குள் சுழற்றிப் பார்ப்பதில் சிறந்து விளங்கினர். வேறு வடிவங்களைச் சுழற்றுவதில் அவர்களுக்கு அதே மேன்மை இருக்கவில்லை. அதாவது, நாம் எதைப் பழகுகிறோமோ அதில்தான் பெரும்பாலும் வல்லவராகிறோம். கட்டைப் புதிர் விளையாடினால் கட்டைப் புதிர் வரும். கேத்திரகணிதம் வர வேண்டுமென்றால் கேத்திரகணிதத்தைத்தான் செய்ய வேண்டும். மூளைக்கு வேலை என்ற பிள்ளையின் சொல் பொய்யில்லை. ஆனால் அந்த வேலை பாடத்துக்குப் பதிலாகாது.

ஐந்து இதயங்கள்

உம்மாவின் அச்சத்துக்கும் காரணம் உண்டு. அதைப் புரிந்துகொள்ள அதே போகிமொன் குடும்பத்தின் இன்னொரு புதிரைப் பார்ப்போம். 2015இல் 'போகிமொன் ஷஃபிள்' வெளியானது. இதுவும் மூன்றைச் சேர்க்கும் புதிர்தான். தொடங்குவதற்குப் பணம் வேண்டாம். ஆனால் விளையாட இதயங்கள் வேண்டும். ஐந்து இதயங்கள் தீர்ந்தால் ஒவ்வொன்றும் மீண்டும் வர அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். காத்திருக்க முடியாதவர் மாணிக்கக் கற்களைக் கொடுத்து இதயம் வாங்கலாம். அந்தக் கற்களை உண்மைப் பணத்துக்கு வாங்கலாம்.

வித்தியாசத்தைக் கவனியுங்கள். 2000ஆம் ஆண்டின் விளையாட்டு ஒரு முறை விலை கொடுத்து வாங்கப்பட்டது. அதன்பின் நீங்கள் ஒரு மணி நேரம் விளையாடினாலும் ஒரு வருடம் மூடி வைத்தாலும் தயாரித்தவருக்கு இலாபமோ நட்டமோ இல்லை. 2015ஆம் ஆண்டின் விளையாட்டுக்கு உங்கள் பொறுமையின்மையே வருமானம். அரை மணிக்கு ஒரு தடவை மனம் தொலைபேசியை நோக்கி ஓடுவது பிள்ளையின் குணக்கேடு மட்டுமன்று. விளையாட்டு அவ்வாறு கட்டப்பட்டிருக்கிறது. இதை அறிந்தால் ஏசுவதற்கு முன் பெற்றோர் சற்று யோசிப்பர்; பிள்ளையும் தன்னை யார் இழுக்கிறார்கள் என்பதை உணரும்.

உலக சுகாதார நிறுவனம் விளையாட்டு அடிமைத்தனத்தை ஒரு நோய்நிலையாக ஏற்றுள்ளது. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த அதன் நோய்ப் பட்டியலில் அது இடம்பெறுகிறது. விளையாட்டைக் கட்டுப்படுத்த முடியாமை, மற்ற எல்லாவற்றையும்விட அதற்கே முதலிடம் கொடுத்தல், தீங்கு வந்த பின்னும் தொடர்தல் ஆகிய மூன்றும் பொதுவாக ஓராண்டளவு நீடித்து, படிப்பையும் குடும்ப வாழ்வையும் கடுமையாகப் பாதித்தால்தான் அவ்வாறு கூறப்படும். விடுமுறையில் சில மணி நேரம் விளையாடும் பிள்ளைக்கு இந்தப் பெயரைச் சூட்ட வேண்டியதில்லை.

என்ன செய்யலாம்?

ஒரு புதிர் விளையாட்டு வீட்டுக்குள் வரும்போது நான்கு கேள்விகளைக் கேளுங்கள். இதற்கு முடிவு உண்டா? இடையில் பணம் கேட்கிறதா? நிதானமாக யோசிக்க இடம் தருகிறதா? நிறுத்தச் சொன்னால் நிறுத்த முடிகிறதா? நான்குக்கும் நல்ல விடை கிடைத்தால் அச்சப்பட அதிகமில்லை.

பெற்றோர்களே, நேரம் குறிக்கும்போது நிமிடங்களைவிடப் புதிர்களை எண்ணுவது இலகு. "இன்னும் இரண்டு புதிர், பிறகு படிப்பு" என்றால் பிள்ளை பாதியில் பிடுங்கப்பட்ட கோபமின்றி எழும்பும். முடிந்தால் ஒரு நாள் பக்கத்தில் அமர்ந்து நீங்களும் விளையாடிப் பாருங்கள். உங்கள் தோல்வியைப் பார்த்துப் பிள்ளை சிரிக்கும் அந்தச் சிரிப்பில் பல பூசல்கள் தீரும்.

சகோதரிகளே, "மூளைக்கு வேலை" என்று சொல்லும் நாம் அதை நிரூபிப்போம். விளையாடி முடித்ததும் ஒரு புதிரையாவது கொப்பியில் வரைந்து, அது எப்படித் தீர்ந்தது என்று எழுதிப் பாருங்கள். பிறகு நீங்களே ஒன்றை உருவாக்கித் தோழியிடம் கொடுங்கள். பிறர் கட்டிய புதிரைத் தீர்ப்பவரிலும் புதிய புதிரைக் கட்டுபவருக்கே மூளைக்கு வேலை அதிகம்.

விடை: குறைந்தது இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, அடி நிரையில் நான்காம், ஐந்தாம் நிரல்களில் பச்சைகளை வைப்பது. சிவப்பு, மஞ்சள், பச்சை என்று தொடராக மறையும். மற்றது, மூன்றாம் நிரலில் சிவப்பின் மேல் இரண்டையும் அடுக்குவது. சிவப்பும் பச்சையும் கூட்டாக ஒரே நேரத்தில் மறைந்து, பின் மஞ்சள் மறையும். மூன்றாவது வழியொன்றைக் கண்டவர் அதைத் தம் வீட்டாருக்கும் காட்டுங்கள்.