கொத்மலை நீரும் மாணவரின் கணக்கும்

ஹோட்டன் சமவெளிப் பக்கமிருந்து இறங்கிவரும் அக்கர ஓயா, நானு ஓயாவோடு ஒன்றுசேர்ந்து கொத்மலை ஓயா என்னும் பெயரைப் பெறுகின்றது. தேயிலை மலைகளினூடே ஓடும் அவ்வாறு கொத்மலையில் அணையினால் மறிக்கப்படுகின்றது. அதன் நீர் மகாவலியோடு கலந்து, கம்பளையைக் கடந்து, பேராதனைப் பல்கலைக்கழக வளாகத்தினூடாகச் செல்கின்றது. விஞ்ஞானம் பயிலும் மாணவர் பலர் அவ்வாற்றின் பாலத்தை நாள்தோறும் கடக்கின்றனர். மழைக்காலத்தில் அந்நீர் ஏன் செந்நிறமாகின்றது என்னும் வினா அவர்தம் பாடங்களில் எவ்விடத்தில் எழுகின்றது? பௌதிகத்தில் நீரோட்டம் உண்டு. இரசாயனத்தில் மண்ணின் கூறுகள் உண்டு. தாவரவியலில் வேரும் இலையும் உண்டு. மூன்றும் தனித்தனி அறைகளில் இருக்கின்றன. அவற்றை ஒரே கணக்கிற் பொருத்திப் பார்க்கும் முறையையே சூழல் மாதிரியமைத்தல் என்பர்.

மாதிரி என்றவுடன் பாடசாலைக் கண்காட்சியில் வைக்கும் அட்டை அணைக்கட்டை எண்ணிவிடலாகாது. இங்கு மாதிரி என்பது, இயற்கையில் ஒன்று மாறும்போது மற்றொன்று எவ்வளவு மாறும் என்பதை எண்களாலும் தொடர்புகளாலும் எழுதிக் காட்டுவதாகும். அவ்வெண்களை வரைபாகவும் நிறமூட்டிய தேசப்படமாகவும் மாற்றிக் கண்ணுக்குப் புலப்படுத்துவது அடுத்த படி.

கொத்மலை நீர்த்தேக்கமே இதற்கு நல்ல முதற் பாடம். 1985ஆம் ஆண்டு திறந்துவைக்கப்பட்ட இவ்வணை 87 மீற்றர் உயரமும் 600 மீற்றர் நீளமும் உடையது. தேக்கத்தின் கொள்ளளவு ஏறத்தாழ 174 மில்லியன் கன மீற்றர். உள்வரும் நீர் வெளியேறும் நீரைவிட ஒரு செக்கனுக்கு 20 கன மீற்றர் மிகுதி என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளில் 17 இலட்சத்து 28 ஆயிரம் கன மீற்றர் சேரும். வெறுமையான தேக்கம் நிறைய ஏறத்தாழ நூறு நாட் செல்லும். இதற்குக் கணினியும் வேண்டுவதில்லை. ஆனால் மழை நாளுக்கு நாள் வேறுபடும். மின்னாக்கத்திற்குத் திறக்கும் நீரும் வேறுபடும். அவ்வேறுபாடுகளை நாள்வாரியாகக் கணினியின் அட்டவணையில் இட்டால், நீர்மட்டம் ஏறுவதும் இறங்குவதும் ஒரு கோடாக எழுந்து நிற்கும். மாணவன் ஓர் எண்ணை மாற்றுகிறான். கோடு முழுவதும் அசைகின்றது. சூத்திரத்தை மனனஞ் செய்து பரீட்சையில் எழுதியவனுக்கு இவ்வநுபவம் கிட்டாது.

நீரோடு மண்ணும் வருகின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கோப்பிக்காகவும் பின்னர் தேயிலைக்காகவும் காடழிக்கப்பட்ட சரிவுகள் இவை. மண்ணிழப்பைக் கணிப்பதற்கு உலகெங்கும் வழங்கும் சமன்பாடு ஒன்றுண்டு. அமெரிக்காவில் விஷ்மையர், சிமித் என்னும் இருவர் அதனை வகுத்தனர். மழையின் தாக்கம், மண்ணின் இளகுந் தன்மை, சரிவின் நீளமும் செங்குத்தும், நிலத்தை மூடியுள்ள பயிர், மண்காப்பு வேலை ஆகியவற்றிற்குரிய எண்களைப் பெருக்கினால், ஓராண்டில் ஒரு நிலத்திலிருந்து அரிக்கப்படும் மண் எத்தனை தொன் என்று கிடைக்கும். இவற்றுள் கடைசி இரண்டும் தோட்டத்துப் பிள்ளைகள் நன்கறிந்தவை. கவ்வாத்து வெட்டிய மலையில் நிலம் வெயிலுக்கும் மழைக்கும் திறந்து கிடக்கும். இடைவெளி விழுந்த பழைய விதைத் தேயிலையிலும், நெருங்கி மூடிய புதிய தேயிலையிலும் மழைத்துளி விழும் விதம் ஒன்றன்று. கான் வெட்டித் துப்புரவாக வைத்திருக்கும் மலைக்கும் கான் தூர்ந்த மலைக்கும் உள்ள வேற்றுமையை அவர்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. வீட்டில் நாள்தோறும் பேசப்படும் இவ்விடயங்கள் சமன்பாட்டில் எண்களாக நிற்பதைக் காணும்போது, விஞ்ஞானம் அயலாருடையது என்ற எண்ணம் தளர்ந்துவிடும்.

இனி, தேசப்படம். 2000ஆம் ஆண்டு பெப்ரவரியில் அமெரிக்க விண்ணோடம் ஒன்று பதினொரு நாட்கள் பறந்து, ராடார் கொண்டு உலகின் பெரும்பகுதியின் நில உயரத்தை அளந்தது. அவ்வளவைகள் இன்று இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றைப் படமாக்கும் இலவச மென்பொருளும் உண்டு. கொத்மலையின் ஒவ்வொரு சரிவையும் சாதாரணக் கணினியில் வரைந்து, மண்ணிழப்பு மிகுந்த இடங்களுக்குச் சிவப்பும் குறைந்தவற்றுக்குப் பச்சையும் தீட்டிவிடலாம். படம் மிக அழகாக இருக்கும். ஆபத்தும் அவ்வழகிலேதான் இருக்கின்றது.

அப்படத்தின் ஒவ்வொரு கட்டமும் ஏறத்தாழ 30 மீற்றர் சதுரம். பத்தடி அகலமுள்ள பத்துக் காம்பராக்கள் கொண்ட ஒரு லயம் முழுவதும் ஒரே கட்டத்தினுள் அடங்கிவிடும். ஓரடி அகலக் கான் கண்ணிற் படவே படாது. மேலும், அச்சமன்பாடு ஏறத்தாழ 22 மீற்றர் நீளமான, நமது மலைகளைவிட மிகச் சாய்வு குறைந்த நிலத்துண்டுகளின் அளவைகளைக் கொண்டு வகுக்கப்பட்டது. மேற்பரப்பு மண் அரிபடுவதையே அது கூறும். மலை முழுதாய்ச் சரிவதைப் பற்றி ஒன்றும் கூறாது. சிவப்பு நிறத்தைக் கண்டு மயங்கியவன் இவ்வெல்லைகளைக் கேட்கமாட்டான். ஆசிரியர் கேட்கவைக்க வேண்டும்.

மண்சரிவுக்கு வேறு ஆய்வு தேவை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பாறை, மண், சரிவு, நீர்வடிகால், நிலப்பயன்பாடு ஆகியவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, நுவரெலியா, பதுளை முதலிய மலை மாவட்டங்களுக்கு அபாய வலயப் படங்களைத் தயாரித்துள்ளது. ஆயினும் படம் இருப்பது போதாது. 2014 அக்டோபர் 29ஆந் தேதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுட் புதைந்தன. அவ்விடம் ஆபத்தானது என்று முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. 2025 நவம்பர் இறுதியில் தித்வா புயல் மலைநாட்டைத் தாக்கியபோதும் பல சரிவுகள் இடிந்து வீழ்ந்தன. எச்சரிக்கைக்கும் மக்களுக்கும் இடையே மாற்றுக்காணியும் வீடும் இல்லாமை முதலிய தடைகள் பல உண்டு. அவை விஞ்ஞான வகுப்பில் தீர்வன அல்ல. ஆனால் அபாயப் படத்தைத் தாமே வாசித்து, லயத்திலுள்ளோருக்குத் தமிழில் விளக்கவல்ல பட்டதாரிகள் தோட்டத்துக்கு ஒருவரேனும் இருப்பின், ஒரு தடையாவது குறையும். அத்தகையோரை உருவாக்குவது பல்கலைக்கழகத்தால் இயலுவதே.

இதற்கெனப் புதிய பாடநெறி வேண்டும் என்று கூறுவாருண்டு. ஏற்கெனவே நிறைந்துள்ள பாடத்திட்டத்தில் இன்னுமொன்றைத் திணிப்பதிற் பயனில்லை. உள்ள செய்முறை வகுப்புகளில் நாலைந்தை இதற்கு மாற்றினாலே போதும். மாணவர் ஓர் ஓடைக்கரைக்குச் செல்லட்டும். மழைக்கு முன்னும் பின்னும் போத்தலில் நீரெடுத்து, தெளியவிட்டு, படிந்த மண்ணை உலர்த்தி நிறுக்கட்டும். தகர மானி வைத்து மழையை அளக்கட்டும். ஒரு சதுர கிலோமீற்றரில் 100 மில்லிமீற்றர் மழை பெய்தால் ஓர் இலட்சம் கன மீற்றர் நீர் என்பதை அங்கு நின்றே கணித்துப் பார்க்கட்டும். பின்னர் கணினி கூறும் விடையோடு தம் அளவையை ஒப்பிடட்டும். இரண்டும் பெரும்பாலும் பொருந்தா. மேலே அண்மையிற் கவ்வாத்து நடந்ததா, புதிய வீதி வெட்டினார்களா, கான் உடைந்ததா, அன்றி எடுத்த எண்தான் பிழையா என்று சரிவில் ஏறிச் சென்று பார்த்து, காரணத்தைச் செய்முறைக் குறிப்பேட்டில் எழுதவேண்டும். அந்தப் பக்கத்துக்கே கூடிய புள்ளி வழங்கப்பட வேண்டும்.